25 பேரில் தொடங்கிய கால்வரி சேப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023ல் ஹிப்பிகளையும் ஒரு நடுத்தர வயது பாஸ்டரையும் வைத்து, கால்வரி சேப்பல் என்ற சபையின் கதையாக ஒரு அமெரிக்கப் படம் வந்தது. அதைப் பார்த்த எங்கள் சபை வாலிபர்கள் தொடங்கி, சொந்தமாக ஊழியம் ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிற நண்பர்கள் வரை எல்லோரும் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. அபிப்பிராயம் வரும் இடங்களில் அது என்னுடையது.

கால்வரி சேப்பல்னா என்ன? அதுவும் ஏஜி (அசெம்பிளிஸ் ஆஃப் காட்) மாதிரி ஒரு சபைப் பிரிவா?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில் கோஸ்டா மேசா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இருந்த ஒரு சின்ன சுயாதீன சபைதான் கால்வரி சேப்பல். 1965 கடைசியில் சக் ஸ்மித் என்பவர் போதகராக வந்தபோது அதில் 25 பேர் இருந்தார்கள். பத்தே வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானோர் வரும் சபையாகிவிட்டது. இன்று அதே பெயரில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள்.

ஏஜி மாதிரி தலைமை அலுவலகம், மாவட்டக் கண்காணி, போதகர் மாற்றல் எல்லாம் இங்கே கிடையாது. ஒவ்வொரு சபையும் தனித்தனி. பெயர், உபதேசம், புறா சின்னம், ஆராதனை நடத்தும் பாணி ஆகியவைதான் பொது. ‘நாங்கள் சபைப் பிரிவு இல்லை’ என்று அவர்கள் அழுத்திச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பிரிவு மாதிரிதான் தெரியும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

பெந்தெகொஸ்தேயும் கரிஸ்மாட்டிக்கும் ஒண்ணுதானே அண்ணா?

உறவுதான், ஆனால் ஒன்று இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் 1906ல் வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களிலிருந்து பரவியது பெந்தெகொஸ்தே. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றதற்கு முதல் அடையாளம் அந்நியபாஷை (கற்காத மொழியில் பேசும் வரம்) என்பது அவர்களில் பெரும்பாலோரின் உபதேசம். கரிஸ்மாட்டிக் என்பது அதே வரங்கள் பழைய சபைகளுக்குள்ளும், எந்தப் பிரிவிலும் சேராத புதிய சபைகளிலும் வந்தது. அதே லாஸ் ஏஞ்சலிஸில் வேன் நைஸ் பகுதியில் இருந்த எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) குருவானவர் டென்னிஸ் பென்னட், 1960 ஏப்ரலில் பீடத்திலிருந்தே ‘எனக்கு அந்நியபாஷை அனுபவம் கிடைத்தது’ என்று சொன்னதைத்தான் வழக்கமாக அதன் தொடக்கமாகக் குறிப்பிடுவார்கள்.

கால்வரி சேப்பல் நடுவில் நிற்கிறது. வரங்கள் இன்றும் உண்டு என்று நம்புகிறது, ஆனால் அந்நியபாஷைதான் அடையாளம் என்று சொல்வதில்லை. பெந்தெகொஸ்தேகாரர்களுக்கு இவர்கள் குளிர்ச்சி, பாப்டிஸ்டுகளுக்கு இவர்கள் சூடு.

சக் ஸ்மித்தான் இந்தச் சபையை ஆரம்பிச்சாரா?

இல்லை. நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சபையும் இருந்தது, பெயரும் இருந்தது, அவர் பிறகுதான் வந்தார். கலைந்துவிடலாமா என்று யோசிக்கிற நிலையில் இருந்த ஒரு சின்னக் கூட்டம் அவரை அழைத்தது, அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தார்? ஏன் இவ்ளோ சின்ன சபைக்குப் போனார்?

1927ல் பிறந்தவர். ஏமி செம்பிள் மெக்ஃபர்சன் நிறுவிய ஃபோர்ஸ்கொயர் என்ற பெந்தெகொஸ்தே சபைப் பிரிவில் வேதாகமக் கல்லூரி முடித்து, அரிசோனாவிலும் தெற்கு கலிபோர்னியாவிலும் சின்னச் சின்ன சபைகளில் சுமார் 17 வருடம் போதகராக இருந்தார். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. குடும்பத்தை நடத்த வெளிவேலையும் பார்த்திருக்கிறார். தலைமையகத்துக்கு அனுப்பும் எண்ணிக்கை அறிக்கை, ஆள் சேர்க்கும் போட்டி, இரண்டு அணி பிரித்து யார் அதிகம் கூட்டி வருகிறார்கள் என்று பார்ப்பது, இதெல்லாம் அவருக்கு வெறுத்துப்போய்விட்டது. நம் ஊரிலும் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அவரிடம் இரண்டு வருடத்துக்குப் போதுமான பிரசங்கங்கள் கையிருப்பில் இருந்தன. தீர்ந்ததும் மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போய் அதே பிரசங்கங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஹண்டிங்டன் பீச் வந்தபோது கடலும் அலைச்சறுக்கும் பிடித்துப்போய் ஊரைவிட்டுப் போக மனம் வரவில்லை, பிரசங்கமோ தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 1 யோவான் நிருபத்தை வசனம் வசனமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்து ஒரு வருடம் ஓட்டினார். ஆச்சரியம், சபை வளர்ந்தது. அன்றிலிருந்து கடைசிவரை அதுதான் அவர் முறை. ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடித்து, மறுபடி ஆதியாகமம். பிறகு ஃபோர்ஸ்கொயரை விட்டு வெளியேறி கொரோனா என்ற ஊரில் (ஆமாம், ஊர் பெயர்தான்) தனியாக ஒரு சபை நடத்தினார். அங்கே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு 25 பேரிடம் வருவதில் மனைவி கேவுக்கு முதலில் இஷ்டமே இல்லை.

ஹிப்பிங்க எப்படி உள்ள வந்தாங்க? பாஸ்டர் போய்க் கூப்பிட்டாரா?

பாஸ்டர் இல்லை, பாஸ்டரம்மா. 1967 கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி தெருக்களில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் வீட்டை விட்டு வந்து குவிந்தார்கள். போதை, நீள முடி, வியட்நாம் போருக்கு எதிர்ப்பு, இவர்கள்தான் ஹிப்பிகள். அந்த அலை தெற்கே கடற்கரை ஊர்களுக்கும் வந்தது. சக் ஸ்மித் எல்லா நடுத்தர வயது அப்பாக்களையும் போலத்தான் அவர்களைப் பார்த்தார்: முடியை வெட்டு, குளி, வேலைக்குப் போ. கே ஸ்மித் மட்டும் காரில் போகும்போது அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அழுவார், ஜெபிப்பார், ஒரு ஹிப்பியையாவது நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று நச்சரிப்பார்.

1968ல் மகளின் காதலன் ஒரு ஹிப்பியை வீட்டுக்கே கூட்டி வந்தான். நீள முடி, தாடி, உடையில் கோத்த மணிகள். வயது 18. பெயர் லானி ஃபிரிஸ்பி. கதவு திறந்ததும் எல்லாமே மாறிவிட்டது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

லானி ஃபிரிஸ்பி பார்க்க இயேசு மாதிரியே இருப்பாராமே?

படங்களில் வரைகிற இயேசு மாதிரி இருப்பார், அவரும் அதை மறைக்கவில்லை. சொந்த ஊர் அந்தக் கவுண்டிதான். பாலைவனத்தில், பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்து மலை இடுக்கில், போதை மருந்து எடுத்த நிலையில் தேவனைத் தேடியதாகவும் அங்கே தரிசனம் கண்டதாகவும் அவரே சாட்சி சொல்வார். அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹிப்பிகளுக்குள்ளேயே ஊழியம் செய்த ஒரு சின்னக் கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்தார்.

பெரிய வேத அறிவு கிடையாது, மேடைப் பயிற்சியும் கிடையாது. ஆனால் அவர் எழுந்து நின்று பேசினால் பையன்கள் அழுதுகொண்டு முன்னால் வருவார்கள். புதன்கிழமை இரவுக் கூட்டம் அவர் கையில் வந்ததும் இடம் போதாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பித்தான் போட்ட சக், புதன்கிழமை நீள முடி லானி.

வீட்டை விட்டு வந்த பிள்ளைங்க ராத்திரி எங்க தங்கினாங்க?

இந்தக் கேள்வியை ஒரு அம்மாதான் கேட்டார். எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் என்பேன். பிரசங்கம் கேட்டு மனம் திரும்புகிறான், சரி, ராத்திரி திரும்பிப் போனால் அதே போதைக்காரர்கள் நடுவில்தானே படுக்க வேண்டும்?

1968 மே மாதம் கோஸ்டா மேசாவின் 19ஆம் தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பெயர் ‘அற்புதங்களின் வீடு’. லானியும் மனைவி கானியும், ஜான் ஹிக்கின்ஸும் அவர் மனைவியும் பொறுப்பு. சில நாட்களிலேயே தரை முழுக்கப் படுக்கை, குளியல் தொட்டியில்கூட ஒருவன் படுத்தான் என்று சக் சொல்வதுண்டு. காலையில் வேதபாடம், பகலில் கடற்கரையில் சாட்சி சொல்வது, இரவில் மறுபடி ஆட்களோடு திரும்பி வருவது. சிகரெட் முதல் வசனம் வரை எல்லாம் அங்கேதான் பஞ்சாயத்து. ஒரு வீடு பல வீடானது. ஹிக்கின்ஸ் அடுத்த வருடமே வடக்கே ஆரிகானுக்குப் போய் ‘ஷைலோ’ என்ற பெயரில் இதையே தொடர்ந்தார், எழுபதுகளில் அது நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளாகப் பெருகி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உடைந்தும் போனது.

படத்தில் பாட்டும் கடலும் நிறைய வருகின்றன, சோறு வடித்தவர்கள் கொஞ்சம்தான் வருகிறார்கள். இந்த வீடுகள் இல்லாவிட்டால் மனம் திரும்பியவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்தில் பின்வாங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

வெறுங்கால், கார்ப்பெட் கதை உண்மையா? சும்மா பிரசங்க உதாரணமா?

சக் ஸ்மித்தே பலமுறை சொன்ன சம்பவம். சபையில் புதுக் கார்ப்பெட் போட்டிருந்தார்கள். வெறுங்காலில் வரும் ஹிப்பிகளால் அழுக்காகிறது என்று யாரோ ‘வெறுங்காலோடு உள்ளே வராதே’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். (நமக்கு இது தலைகீழாகத் தெரியும். நம் ஊர்ச் சபைகள் பலவற்றில் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகிறோம்.) சக் அதைக் கழற்றிவிட்டு மூப்பர்களைக் கூட்டி, கார்ப்பெட்டால் ஒரு பையன் உள்ளே வர முடியாமல் போனால் கார்ப்பெட்டைப் பிய்த்துப் போட்டுவிடலாம், ஜீன்ஸ் பித்தான் பட்டு பெஞ்சு கீறுகிறது என்றால் பெஞ்சையும் எடுத்துவிடலாம் என்றார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாஸ்டரை மட்டும் புகழ்கிறார்கள். அந்தப் பெரியவர்களை யோசித்துப் பாருங்கள். கார்ப்பெட் அவர்கள் காணிக்கையில் வாங்கியது. சிலர் போனார்கள், நிறைய பேர் இருந்தார்கள், அழுக்குக் கால் பையன்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பழைய சபையார் எழுந்து போகாமல் இருந்ததைத்தான் நான் இந்த வளர்ச்சியில் பெரிய அற்புதம் என்பேன்.

கடல்ல ஆயிரக்கணக்குல ஞானஸ்நானம்னு சொல்றாங்களே, எண்ணிக்கையெல்லாம் நம்பலாமா?

இடம் நிஜம்: கொரோனா டெல் மார் கடற்கரையில் பாறைகள் சூழ்ந்த ஒரு சின்ன வளைவு, ‘கடற்கொள்ளையர் குடா’ என்ற அர்த்தத்தில் பெயர். சுற்றிலும் பாறைச் சரிவு இருப்பதால் இயற்கையான அரங்கம் மாதிரி. மாதத்துக்கு ஒரு தடவை நூற்றுக்கணக்கானோர் இறங்குவார்கள், சரிவில் இன்னும் ஏராளமானோர் உட்கார்ந்து பாடுவார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1971 ஜூனில் டைம் இதழ் ‘இயேசுப் புரட்சி’ என்று அட்டைக் கட்டுரையே போட்டது.

எழுபதுகளின் நடுவில் இரண்டு வருடத்தில் எண்ணாயிரத்துக்கும் மேல் ஞானஸ்நானம், இருபதாயிரம் மனமாற்றம் என்பது சபையின் சொந்தக் கணக்கு. முதலாவதை நான் ஏறக்குறைய நம்புகிறேன், நனைந்த தலைகளை எண்ணலாம். இரண்டாவது மதிப்பீடு. மனமாற்றத்தை யார் எண்ணுவது, எப்போது எண்ணுவது? கை தூக்கிய அன்றா, பத்து வருடம் கழித்தா?

பாட்டுதானே கூட்டத்தை இழுத்துச்சு? ஒத்துக்குங்க.

ஒத்துக்கொள்கிறேன், பாதி. 1970 வாக்கில் ‘லவ் சாங்’ என்ற ராக் குழுவைச் சேர்ந்த நான்கு பையன்கள் சக்கிடம் வந்து தாங்கள் எழுதிய பாட்டைக் கிட்டாரோடு பாடிக் காட்டினார்கள். அவர் கண்ணீரோடு கேட்டுவிட்டு உடனே கூட்டத்தில் பாடச் சொன்னார். அந்தக் காலத்தில் சபையில் டிரம் வைப்பது என்றால் பிசாசை அழைப்பது என்று பேசியவர்கள் ஏராளம். 1971ல் ‘மாரநாதா’ என்ற பெயரில் சபையே ஒரு இசை நிறுவனம் ஆரம்பித்து இசைத்தட்டு வெளியிட்டது. சனிக்கிழமை இரவுக் கச்சேரிகளுக்கு வேறு சபைப் பிள்ளைகளும் சபையே தெரியாத பிள்ளைகளும் வந்தார்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு நூல் உண்டு. ‘முதலாவது தேவனுடைய ராஜ்யத்தை’ என்ற மத்தேயு 6:33 வசனத்தை வைத்து, அல்லேலூயா என்று மேலே ஒரு குரல் தனியாகப் போகும் சின்ன ஆங்கிலக் கோரஸ் இருக்கிறதே, ஞாயிறு பள்ளியில் நம்மில் பலர் பாடியது? அதை எழுதிய கேரன் லாஃபர்ட்டி இந்தச் சபைக்காரர்.

மீதிப் பாதி என்ன என்றால், பாட்டுக்கு வந்த கூட்டம் நாற்பது ஐம்பது நிமிடம் வேதபாடத்துக்கும் உட்கார்ந்தது. மேடை அலங்காரம் இல்லாமல், சிரித்த முகத்தோடு ஒருவர் எண்ணாகமத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார், நீள முடிப் பையன்கள் பைபிளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவோடு சண்டை போட்டு வந்தவர்களுக்கு, கோபப்படாமல் பேசும் ஓர் அப்பா கிடைத்தார்.

இவ்ளோ பேருக்கு இடம்? காசு எங்கிருந்து வந்துச்சு?

1969ல் முந்நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் அமரும் ஒரு சின்ன ஆலயம் கட்டினார்கள். சீக்கிரமே இரண்டு ஆராதனை, மூன்று ஆராதனை, வெளியில் நாற்காலி. பக்கத்தில் சாண்டா ஆனா எல்லையில் சுமார் 11 ஏக்கர் நிலம் வாங்கி, கட்டிடம் எழும்பும்வரை 1971ல் சர்க்கஸ் கூடாரம் மாதிரி பெரிய கூடாரம் அடித்தார்கள். முதலில் ஆயிரத்து அறுநூறு பேருக்கு, பிறகு இன்னும் விரித்தார்கள். மழையில் ஒழுகும், குளிரில் நடுங்கும். 1974 வாக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கைகளோடு புதுக் கட்டிடத்துக்குப் போனார்கள், அதுவும் உடனே போதவில்லை.

பணம் பெரிதாக ஒன்றும் மர்மம் இல்லை. வேலை பார்க்கும் பழைய சபையார் இருந்தார்கள், ஹிப்பிகளும் கொஞ்ச நாளில் வேலைக்குப் போனார்கள். காணிக்கைக்காகக் கெஞ்சுவது, வாக்குறுதிச் சீட்டில் கையெழுத்து வாங்குவது கூடாது என்பதில் சக் பிடிவாதமாக இருந்தார். ஃபோர்ஸ்கொயர் நாட்களின் போட்டிகளைச் சொன்னேனே, அந்த அலுப்பு இங்கேயும் தெரிகிறது.

ஆராதனையில அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் நடந்துச்சா? வீடியோவுல ஒண்ணுமே காணோமே?

ஞாயிறு ஆராதனையில் நீங்கள் பார்க்க மாட்டீர்கள், அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. புதிதாக வருகிறவன் பயந்து ஓடக்கூடாது, எல்லாம் கிரமமாக நடக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14ஐக் காட்டி சக் விளக்குவார். கூட்டம் முடிந்தபின் விருப்பமுள்ளவர்கள் தனியாகக் காத்திருந்து ஜெபிக்கும் கூடுகை ஒன்று உண்டு, அபிஷேகத்துக்கும் வரங்களுக்கும் இடம் அங்கேதான்.

பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த எனக்கு இது முதலில் ஆவியை அணைப்பது போலத் தோன்றியது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று, கூட்டத்தை அள்ளி வந்த லானிக்கு இது கைகட்டு. அது பின்னால் வருகிறது.

அந்த ஊர், அந்தக் காலம், அதனால நடந்துச்சு. வேற எங்கயும் நடக்காதுன்னு ஒருத்தர் சொல்றாரே?

அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு. ஆரஞ்சு கவுண்டியின் மக்கள்தொகை 1950ல் சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம். 1960ல் 7 லட்சத்தைத் தாண்டியது. 1970ல் 14 லட்சத்து 20 ஆயிரம். ஆரஞ்சுத் தோட்டங்களை வெட்டி வீட்டு மனையாக்கிய காலம். விமானத் தொழிற்சாலை வேலைக்கும் ராணுவ முகாம்களுக்கும் வந்து குடியேறியவர்களுக்கு அந்த ஊரில் பாட்டி வீடு கிடையாது, பழைய சபை கிடையாது. எல்லோரும் புதியவர்கள். 1955லேயே ராபர்ட் ஷூலர் அங்கே காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் ஞாயிறு ஆராதனை தொடங்கிக் கூட்டம் சேர்த்துவிட்டார். அதோடு போர் பற்றிய பயம், போதை தந்த ஏமாற்றம், வீட்டோடு முறிந்த உறவு.

ஆனால் அதே கவுண்டியில் அதே வருடங்களில் நூற்றுக்கணக்கான சபைகள் இருந்தன. அதே பையன்கள் அவற்றின் வாசலையும் கடந்துதான் போனார்கள். எல்லாப் பாஸ்டரின் மகளுக்கும் ஹிப்பி நண்பர்கள் இருந்திருப்பார்கள். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்ட வீடுகள் குறைவு.

பைபிள் காலேஜே போகாதவங்களை பாஸ்டராக்கினது சரியா?

வேகத்துக்கு இதுதான் காரணம், ஆபத்துக்கும் இதுதான். சக்கின் வேதபாடங்கள் ஒலிநாடாவில் பதிவாகிப் பரவின. அதைக் கேட்டே படித்த பையன்கள் பக்கத்து ஊர்களில் வேதபாடம் ஆரம்பித்தார்கள், அது சபையானது. கிரெக் லாரி ரிவர்சைடு ஊரில் ஓர் எபிஸ்கோப்பல் ஆலயத்தில் நடந்த வாலிபர் வேதபாடத்தை ஏற்றபோது இருபது வயது இருக்கும். வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய மரைன் படை வீரர் ராவுல் ரீஸ், குங்ஃபூ கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், இன்னொரு பெரிய சபையின் போதகரானார்.

பட்டம் கேட்டிருந்தால் இவர்களில் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஒலிநாடாவில் இருந்தது 20 வருடம் சின்ன சபைகளில் அடிபட்ட ஒருவரின் போதனை. ‘பட்டம் தேவையில்லை’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த 20 வருடத்தை விட்டுவிடுகிறோம்.

1981ல் இயேசு வந்துடுவார்னு சொன்னாராமே?

ஆமாம். 1948ல் இஸ்ரேல் தேசம் உருவானது, ஒரு தலைமுறை 40 வருடம், அதில் கடைசியில் வரும் உபத்திரவ காலத்தின் 7 வருடத்தைக் கழித்தால் 1981. 1978ல் அச்சிலேயே அதைத் தன் உறுதியான நம்பிக்கையாக எழுதினார். அந்த வருடம் வந்து போனது. சிலர் மனம் உடைந்து போனார்கள், சபை உடையவில்லை.

வளர்ச்சிக்கு இதில் பங்கு உண்டு என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். நாளைக்கே வருகை என்று நம்புகிறவன் படிப்பையும் வேலையையும் தள்ளிவைத்துவிட்டுத் தெருவில் சாட்சி சொல்வான். அந்த அவசரம் எண்ணிக்கையைக் கூட்டியது. கணக்கு தப்பியபோது விலை கொடுத்தவர்கள் அந்தப் பையன்கள்தான்.

மோசே மாடல்னா என்ன? பாஸ்டரை யாரும் கேள்வி கேட்க முடியாதா?

மோசே தேவனிடம் கேட்டார், மூப்பர்கள் மோசேக்கு உதவினார்கள், அதே மாதிரி போதகர் தேவனுக்குக் கணக்குக் கொடுக்கிறார், மூப்பர்கள் போதகருக்கு உதவுகிறார்கள் என்பது சக்கின் விளக்கம். சபைக் கமிட்டி போதகரைச் சம்பளக்காரராக நடத்துவதைப் பார்த்துச் சலித்தவர் அவர். சிஎஸ்ஐ தேர்தல் அரசியலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு நன்றாகவே புரியும்.

பலன் இரண்டு விதம். கார்ப்பெட் விஷயத்தில் பார்த்தோமே, கமிட்டி ஓட்டெடுப்பு நடந்திருந்தால் ஹிப்பிகள் இன்னும் வெளியில்தான் நின்றிருப்பார்கள். ஆனால் போதகர் தவறும்போது நிறுத்த ஆள் இல்லை, பிற்காலத்தில் அந்த இயக்கத்தின் மேல் விழுந்த விமர்சனங்களில் முக்கியமானது இதுதான். 2013 அக்டோபரில் சக் இறந்து சுமார் மூன்று வருடத்தில் இயக்கம் இரண்டு வலைப்பின்னல்களாகப் பிரிந்ததும் தற்செயல் இல்லை. ஒரு மனிதர் மேல் இருந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தது.

லானி ஏன் போனார்? சபை வரலாற்றுல அவர் பேரையே காணோமே?

1971ல் போனார். வரங்களுக்குத் தனி நேரம் என்ற ஏற்பாட்டை மேலே சொன்னேன். அற்புதங்களையும் வல்லமையையும் கூட்டத்தின் நடுவிலேயே எதிர்பார்த்தவருக்கு அது ஒத்துவரவில்லை. திருமணமும் ஆட்டம் கண்டிருந்தது. புளோரிடாவில் வேறு தலைவர்களின் கீழ் போய்ச் சேர்ந்தார், பிறகு மணமுறிவு.

அவருக்கு ஆண்களோடு உறவு இருந்தது, ஊழியத்தில் இருந்த காலத்திலேயே. தெரிய வந்தபின் கதவுகள் மூடின. 1993 மார்ச்சில் எய்ட்ஸ் நோயால் 43 வயதில் இறந்தார். அடக்க ஆராதனையில் சக் ஸ்மித் அவரை, வல்லமை இருந்தும் வழுக்கி விழுந்த பைபிள் பலசாலி சிம்சோனோடு ஒப்பிட்டுப் பேசினார், அது பலரைக் காயப்படுத்தியது. எழுப்புதல் கதையைச் சொல்லும்போது அவர் பெயர் மெல்லச் சுருங்கி ‘ஒரு ஹிப்பி வாலிபன்’ ஆனது. அவர் வாழ்க்கையை எப்படி மதிப்பிட்டாலும் சரி, புதன்கிழமை இரவு யார் நின்று பேசினார் என்பது நடந்த சம்பவம். பெயரை எடுத்துவிட்டுச் சொல்வது சாட்சி இல்லை. உபதேசத்தில் என்னோடு ஒத்துப்போகிற நண்பர்களே இதில் என்னோடு சண்டை போடுகிறார்கள், போடட்டும்.

வின்யார்டு சபையும் இவங்களும் ஒண்ணா?

ஒரே வேர். 1974ல் கென் கல்லிக்சன் என்ற கால்வரி சேப்பல் ஊழியர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஆரம்பித்ததுதான் வின்யார்டு. இன்னொரு பக்கம், முன்னாள் ராக் இசைக்காரரான ஜான் விம்பர் 1977ல் யோர்பா லிண்டாவில் ஒரு கால்வரி சேப்பல் நடத்திவந்தார். 1980 அன்னையர் தினத்தன்று அங்கே பேசியது யார் தெரியுமா? திரும்பி வந்திருந்த லானி. வாலிபர்களை முன்னால் கூப்பிட்டு, பரிசுத்த ஆவியானவரே வாரும் என்று ஜெபித்தார், பலர் தரையில் விழுந்தார்கள், அந்நியபாஷை வெடித்தது, சிலர் பைபிளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

சக் ஒதுக்கி வைத்ததை விம்பர் நடுவில் கொண்டுவந்தார். 1982ல் பேசிப் பார்த்து, விம்பரின் சபை வின்யார்டு என்று பெயரை மாற்றிக்கொண்டு பிரிந்தது. இரண்டு பெரிய இயக்கங்களின் தொடக்கத்திலும் ஒரே ஆள் நிற்கிறார், இரண்டிலும் அவருக்கு இடம் நிலைக்கவில்லை.

கடைசியா ஒண்ணு. நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு கூடாரம் போட்டு, நல்ல மியூசிக் டீமோட ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?

இதை இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாரம் அவர்களுக்கு ஆறாவது வருடத்தில் வந்தது, அதுவும் இடம் போதாமல். மியூசிக் டீம் வாசல் தட்டி வந்தது, யாரும் ஆள் தேடவில்லை. முதலில் இருந்தவை 25 பேர், வசனம் வசனமாகப் படிக்கும் பழக்கம், நச்சரிக்கும் ஒரு பாஸ்டரம்மா, அப்புறம் 19ஆம் தெருவில் ஒரு வாடகை வீடு.

அதனால் மைக் செட்டு விலை விசாரிப்பதை நிறுத்திவிட்டு, ராத்திரி எங்கே தங்கினார்கள் என்று கேட்ட அந்த அம்மாவின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். உங்கள் ஐந்து பேரில் யார் வீட்டில், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன் பண்ணுங்கள், பேசலாம்.